எங்கே போனாலும் அது மார்பகப் புற்றுநோய்தான்
வாசகர் கேள்விகள்: நோயியல் மருத்துவர் பதில்கள்

மார்பகப் புற்றுநோய் பரவினால் பெரும்பாலும் எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை ஆகிய இடங்களுக்குப் போகும் என்று போன மாதம் ஒரு பதிலில் எழுதியிருந்தேன். “வேறெங்கும் போகாதா?” என்று கேட்டும், “போயிருக்கிறதே!” என்று சொல்லியும் வந்த கடிதங்கள் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. ஆகவே இந்த மாதம் முழுக்க அதற்கே. பழைய வாசகர்களுக்குத் தெரியும், புதியவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் நோயாளியை நேரில் பார்த்து மருந்து எழுதும் டாக்டர் இல்லை. அவர்கள் உடம்பிலிருந்து எடுத்த திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து இன்ன நோய் என்று சொல்பவள். சிகிச்சையை உங்கள் புற்றுநோய் மருத்துவரோடு பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும்.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 62. பதினோரு வருடம் முன்பு இடது மார்பில் அறுவைச் சிகிச்சை நடந்தது. பிறகு ஐந்து வருடம் ஹார்மோன் மாத்திரை. ஆறு மாதமாக இரண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது என்கிறார். எடையும் குறைந்துவிட்டது. முதல் எண்டோஸ்கோப்பியில் ஒன்றுமில்லை என்றார்கள். இரண்டாவது முறை சதை எடுத்துப் பார்த்து, ‘சிக்னெட் ரிங் செல் புற்றுநோய்’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஒரு டாக்டர் இரைப்பையை எடுக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர், இது பழைய மார்பக நோயாக இருக்கலாம், பொறுங்கள் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
(ஒரு மகள்)

பதில்: ‘பொறுங்கள்’ என்றவர் பேச்சை. இரைப்பையை எடுக்க நாள் குறிப்பதற்கு முன் ஒரு விஷயத்தை விசாரியுங்கள். அந்தத் திசுவைப் பார்த்த நோயியல் மருத்துவருக்கு, அம்மாவுக்கு முன்பு மார்பகப் புற்றுநோய் இருந்தது தெரியுமா? என் மேஜைக்கு வரும் கோரிக்கைச் சீட்டுகளில் பாதி இப்படித்தான் இருக்கும்: “இரைப்பைத் திசு. பெண். 62.” அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு பார்த்தால், கண்ணுக்குத் தெரிவதைத்தான் யாரும் எழுதுவார்கள்.

என்ன தெரியும் என்று சொல்கிறேன். சிக்னெட் ரிங் செல் என்பது தனக்குள்ளே ஒரு சொட்டுச் சளியைச் சுமந்துகொண்டு, உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிவிட்ட செல். முத்திரை மோதிரம் போலத் தெரியும் என்பதால் அந்தப் பெயர். இரைப்பையிலேயே பிறக்கும் ஒருவகைப் புற்றுநோய் இப்படி இருக்கும். மார்பகத்தில் ‘லோபுலார்’ என்ற வகையும் அச்சு அசலாக இப்படியே இருக்கும். வழக்கமான ஊதா, இளஞ்சிவப்புச் சாயம் போட்ட ஸ்லைடை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிப்பது, எவ்வளவு அனுபவம் இருந்தாலும், பல நேரங்களில் முடியாத காரியம்.

லோபுலார் வகை, பரவும் தன்மையுள்ள மார்பகப் புற்றுநோய்களில் சுமார் 10 முதல் 15 சதவீதம். மற்ற வகைகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது ‘ஈ-கேட்ஹெரின்’ என்ற புரதம். செல்லும் செல்லும் ஒட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணமான புரதம் இது. லோபுலார் வகையில் பெரும்பாலும் இது காணாமல் போய்விடும். ஒட்டாத செல்கள் கட்டியாகத் திரளாமல், ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டித் திசுவுக்குள் நுழைகின்றன. மார்பிலேயே கையில் தட்டுப்படாமலும் மேமோகிராமில் சரியாகத் தெரியாமலும் இது ஏமாற்றுவது அதனால்தான். பரவும்போதும் அதே குணம். இரைப்பை, குடல், வயிற்றை உள்ளே போர்த்தியிருக்கும் சவ்வு, சினைப்பை, மூளையைச் சுற்றியுள்ள உறை என்று மற்ற வகைகள் அதிகம் போகாத இடங்களுக்கெல்லாம் இது போகும்.

இரைப்பைக்குப் போனால் உள்பக்கத்துத் தோலைத் தொடாமல், அதற்கு அடியில் உள்ள சுவருக்குள் பரவுகிறது. சுவர் விறைத்துத் தடித்துப்போகும். விரிய முடியாத பையில் எவ்வளவு கொள்ளும்? அதனால்தான் இரண்டு வாயிலேயே நிறைந்துவிடுகிறது. எண்டோஸ்கோப்பி மேல்பரப்பைத்தான் பார்க்கும் என்பதால் முதல் தடவை “ஒன்றுமில்லை” என்று வந்ததில் ஆச்சரியமில்லை. இந்தச் சந்தேகம் இருந்தால், ஒரே இடத்தில் மேலோட்டமாகக் கிள்ளாமல், ஆழமாகவும் பல இடங்களிலும் திசு எடுக்க வேண்டும்.

இனி செய்ய வேண்டியது. அதே திசுவில், புரதங்களைக் காட்டும் சிறப்புச் சாயங்களைப் போடச் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (அந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம்), ‘காட்டா-3’ இரண்டும் பழுப்பு நிறமேறினால் மார்பகத்தின் பக்கம் சாயும். ‘சிடிஎக்ஸ்-2’, ‘சிகே-20’ ஏறினால் இரைப்பையின் பக்கம். எந்த ஒரு சாயமும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது, நாலைந்தைச் சேர்த்துத்தான் பார்ப்போம். எல்லாவற்றையும்விட மேலானது, பதினோரு வருடத்துக்கு முந்தைய ஸ்லைடையும் இப்போதைய ஸ்லைடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. அம்மாவின் பழைய ரிப்போர்ட்டில் ‘லோபுலார்’ என்ற சொல் இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இரண்டுக்கும் சிகிச்சை வேறு. இரைப்பையிலேயே பிறந்த நோய் என்றால் அறுவைச் சிகிச்சையும் அதற்கான கீமோவும். மார்பகத்திலிருந்து வந்து, ஹார்மோன் ஏற்பியும் இருந்தால், பெரும்பாலோருக்கு ஹார்மோன் மாத்திரையும் அதோடு சேர்த்து, செல் பெருகுவதைத் தடுக்கும் ‘சிடிகே 4/6’ தடுப்பு மாத்திரையுமே முதல் சிகிச்சை. அடைப்போ நிற்காத ரத்தக்கசிவோ இருந்தால் தவிர, இரைப்பையை எடுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. நோய் அங்கே மட்டும் இருக்காது.

ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். ‘சிடிஹெச்-1’ என்ற மரபணுவில் பரம்பரையாகக் கோளாறு உள்ள சில குடும்பங்களில் இரைப்பைப் புற்றுநோயும் லோபுலார் மார்பகப் புற்றுநோயும் தனித்தனியாகவே வரும். மேலே சொன்ன ஈ-கேட்ஹெரினைச் செய்யும் மரபணு அதுதான். அம்மாவழியிலோ அப்பாவழியிலோ யாருக்காவது சின்ன வயதில் இரைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். உங்கள் உடம்புக்கும் அது பொருந்தும் விஷயம்.

கேள்வி: பதினோரு வருடம் கழித்து எப்படி வரும்? ஐந்து வருடம் தாண்டினால் குணமாகிவிட்டதாகத்தானே சொல்கிறார்கள்?

பதில்: அந்த ‘ஐந்து வருடம்’ எல்லா மார்பகப் புற்றுநோய்க்கும் பொருந்தாது. ஹார்மோன் ஏற்பியோ ஹெர்-2 என்ற புரதமோ இல்லாத ‘டிரிபிள் நெகட்டிவ்’ வகை, திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் சில வருடங்களிலேயே திரும்பிவிடும். ஹார்மோன் ஏற்பி உள்ள வகைக்கு அவசரமே கிடையாது. ஐந்து வருடம் மாத்திரை முடித்த 62,000க்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களைச் சேர்த்து ஆராய்ந்த முடிவு 2017-இல் வெளியானது. ஐந்தாம் வருடத்திலிருந்து இருபதாம் வருடம் வரை, நோய் உடம்பின் வேறு இடங்களில் திரும்புவது நிற்காமல் ஒரே சீராகத் தொடர்ந்தது. கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குள், அக்குள் நெறிக்கட்டிகளில் ஒன்றுமில்லை என்றிருந்தவர்களில் அந்தக் காலத்தில் திரும்பியது 13 சதவீதம். கட்டி பெரிதாகவும், நான்கு முதல் ஒன்பது நெறிக்கட்டிகளில் நோயும் இருந்தவர்களில் 41 சதவீதம். சிலருக்கு மாத்திரையை ஐந்து வருடத்துக்கு மேலும் நீட்டிக்கச் சொல்வது இதை வைத்துத்தான்.

அந்தச் செல்கள் இத்தனை வருடம் என்ன செய்தன? எலும்பு மஜ்ஜை போன்ற இடங்களில் பிரியாமல், பெருகாமல், சாகாமல் கிடந்தன. பெருகும் செல்லைத்தான் கீமோ அடிக்கும். கிடக்கும் செல் தப்பிவிடும். எது அதை எழுப்புகிறது என்பது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது.

கேள்வி: ரத்தம் எல்லா உறுப்புக்கும்தான் போகிறது. ஆனால் நோய் சில உறுப்புகளுக்கு மட்டும் போவது ஏன்?
(ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: நல்ல கேள்வி, தம்பி. இதையே கேட்டவர் ஸ்டீபன் பேஜெட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைத் தொகுத்து, 1889-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். கல்லீரலில் அடிக்கடி நோய் இருந்தது. ரத்தம் தாராளமாகப் பாயும் மண்ணீரலில் மிகவும் குறைவு. ரத்தம் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டுமே காரணமென்றால் இப்படி இருக்காது என்று வாதிட்டார். விதை எல்லாத் திசைக்கும் போகும், பொருந்தும் மண்ணில்தான் முளைக்கும் என்பது அவர் சொன்ன விளக்கம்.

அமெரிக்க நோயியல் மருத்துவர் ஜேம்ஸ் யூயிங் 1928-இல் இதை மறுத்தார். ரத்தக்குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம்தான் நோயும் போகும் என்றார். அவர் பேச்சிலும் பாதி உண்மை உண்டு. முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைகளில் வால்வு இல்லை. இருமினாலோ முக்கினாலோ ரத்தம் அங்கே முன்னும் பின்னும் ஓடும். பேட்ஸன் என்ற உடற்கூற்றியலாளர் இந்தச் சிரைப் பின்னலை 1940-இல் விவரித்தார். நுரையீரலைத் தொடாமலேயே நோய் நேராக முதுகெலும்புக்குப் போவதற்கு அது ஒரு வழி. மண்ணும் வேண்டும், பாதையும் வேண்டும். ஆனால் லோபுலார் விஷயத்தில் நான் பேஜெட்டின் கட்சி. இரைப்பைக்கும் சினைப்பைக்கும் அது போவதை வெறும் ரத்தக்குழாய்களின் வரைபடத்தை வைத்து விளக்கிவிட முடியாது.

கேள்வி: மூன்று வாரமாக என் கீழுதட்டின் வலது பாதியும் முகவாயும் மரத்துப்போயிருக்கின்றன, பல்லுக்கு ஊசி போட்ட மாதிரி. வலி இல்லை. நான்கு வருடம் முன்பு மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்தது. பல் டாக்டர் எல்லாப் பல்லும் நன்றாக இருக்கிறது என்கிறார். இதைப் போய்ப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: எடுத்துக்கொள்ள வேண்டும், இந்த வாரமே. கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடும் ஒரு நரம்பு, கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் உள்ள சிறு துளை வழியாக வெளியே வந்து, முகவாய்க்கும் கீழுதட்டுக்கும் உணர்ச்சி தருகிறது. தாடை எலும்பிலோ, மண்டையோட்டின் அடிப்பகுதியிலோ, மூளை உறையிலோ நோய் வந்து அந்த நரம்பை அழுத்தினால் அதே அளவு இடம் மட்டும் கோடு கிழித்த மாதிரி மரத்துப்போகும். காரணம் புற்றுநோய் என்று தெரியவரும் இத்தகைய மரத்தலில் மார்பகப் புற்றுநோயே அதிகம். நோய் திரும்பியிருப்பதற்குச் சிலருக்கு இதுதான் முதல் அறிகுறி. வலி இல்லாததாலேயே இதைத் தள்ளிப்போடுகிறார்கள்.

அதற்காக உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. ஞானப்பல் எடுத்த பிறகும், பல்லின் வேரில் சீழ் பிடித்தாலும் இப்படி வரும். இன்னொன்று: எலும்பைக் காப்பதற்காக ஸோலட்ரோனிக் ஆசிட் அல்லது டெனோசுமாப் ஊசி போட்டுக்கொண்டவரா நீங்கள்? அந்த மருந்துகளால் சிலருக்குத் தாடை எலும்பின் ஒரு பகுதி செத்துப்போவதுண்டு. அப்போதும் மரத்துப்போகலாம். பல் டாக்டரிடம் அந்த ஊசியைப் பற்றிச் சொன்னீர்களா? சொல்லாமல் பல் பிடுங்கிக்கொண்டு புண் ஆறாமல் அவதிப்பட்டவர்களின் எலும்புத் துண்டுகள் என்னிடம் வந்திருக்கின்றன. தாடைக்கு எக்ஸ்ரே, தலைக்கும் தாடைக்கும் எம்ஆர்ஐ எடுக்க உங்கள் புற்றுநோய் மருத்துவர் சொல்லுவார். போகும்போது, எந்த இடம் மரத்திருக்கிறது என்று கண்ணாடியைப் பார்த்துப் பேனாவால் முகத்தில் வரைந்துகொண்டு போங்கள். வாயால் சொல்வதைவிட டாக்டருக்கு அது உதவும்.

கேள்வி: என் அக்காவுக்கு உச்சந்தலையில் காசு அளவு முடி கொட்டி வழுவழுப்பாகிவிட்டது. புழுவெட்டு என்று மருந்து தடவுகிறாள். மூன்று மாதமாகக் குறையவில்லை. அவளுக்கு முன்பு மார்பகப் புற்றுநோய் இருந்தது. சம்பந்தம் இருக்குமா?

பதில்: புழுவெட்டாகவே இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பெண்களுக்குத் தோலில் வந்து சேரும் புற்றுநோய்களில் மார்பகத்திலிருந்து வருவதே அதிகம், தலையின் தோலும் அதில் சேர்த்திதான். புழுவெட்டில் அந்த இடம் மெத்தென்றிருக்கும். தொட்டால் கெட்டியாக, லேசாகச் சிவந்து, அடியோடு ஒட்டினாற்போல் இருந்தால் தோல் மருத்துவரிடம் பழைய நோயைச் சொல்லி, ஒரு பொட்டளவு தோல் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில நிமிட வேலை.

இதோடு சேர்த்து இன்னொன்று. அறுவைச் சிகிச்சை நடந்த பக்கத்து மார்புத்தோல் சிவந்து தடித்து, மாத்திரை சாப்பிட்டும் ‘இன்ஃபெக்‌ஷன்’ போகவில்லை என்றால் அங்கேயும் திசு எடுத்துத்தான் ஆக வேண்டும். கவசம் போட்டது போல் மார்பே இறுகிப்போகும் வரை களிம்பு தடவிக்கொண்டிருந்தவர்கள் உண்டு.

கேள்வி: மனைவிக்கு ஒரு கண் மங்கலாகிவிட்டது. வலியோ சிவப்போ இல்லை. கண்ணாடி மாற்றினால் சரியாகுமா? (இரண்டு வருடம் முன்பு மார்பில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது.)

பதில்: அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் கண் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும்! விழித்திரைக்குப் பின்னால் ‘கோராய்டு’ என்று ரத்தக்குழாய்கள் நிறைந்த ஒரு படலம் இருக்கிறது. வேறிடத்திலிருந்து கண்ணுக்குள் வரும் புற்றுநோய் பெரும்பாலும் அங்கேதான் தங்கும். பெண்களுக்கு அது பெரும்பாலும் மார்பகத்திலிருந்தும், ஆண்களுக்கு நுரையீரலிலிருந்தும் வருகிறது. பார்வை மங்குவது, மின்னல் மாதிரித் தெரிவது, பார்வையில் ஒரு பகுதி மறைந்துபோவது இவையே அடையாளங்கள். பாப்பாவை விரிக்கும் சொட்டுமருந்து விட்டுப் பார்த்தால் வெளிர்மஞ்சள் திட்டாகத் தெரியும். கண்ணுக்குள் ஊசி விட்டுத் திசு எடுப்பது பெரும்பாலும் தேவைப்படாது. கண் ஸ்கேனும் பழைய வரலாறுமே போதும். மருந்தாலும் கதிர்வீச்சாலும் பலருக்குப் பார்வையைக் காப்பாற்ற முடிகிறது, சீக்கிரம் போனால்.

தமாக்ஸிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதையும் சொல்லுங்கள். அந்த மாத்திரையால் கண்புரையும், அபூர்வமாக விழித்திரையில் படிவுகளும் வரலாம்.

கண்குழியில் இந்த நோய் செய்யும் ஒரு வேலை விசித்திரமானது. கண்ணுக்குப் பின்னால் கட்டி வந்தால் கண் பிதுங்கும் என்றுதான் யாரும் நினைப்போம். மார்பகத்திலிருந்து வரும் சில கட்டிகள் நார்த்தன்மையோடு சுருங்குவதால், சுற்றியுள்ள கொழுப்பையும் தசையையும் இழுத்துக் கண்ணை உள்ளே வாங்கிவிடும். வயதான பெண்ணுக்கு ஒரு கண் மட்டும் குழிந்துகொண்டே போனால், அதை மூப்பின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

கேள்வி: திடீரென்று தாங்க முடியாத தாகம். ராத்திரி பலமுறை சிறுநீர் போகிறது. சர்க்கரை இல்லை என்று ரிப்போர்ட். எலும்புக்குப் பரவிய மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சையில் இருக்கிறேன்.

பதில்: இரண்டு காரணங்களை உடனே பார்க்க வேண்டும். ஒன்று, ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கிறதா என்பது. எலும்பில் நோய் உள்ளவர்களுக்கு இது நேரும், அவசரமானதும்கூட. அது சரியாக இருந்தால், மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி. அதன் பின்பகுதிக்குத் தமனியிலிருந்து நேராக ரத்தம் போவதால், நோய் அங்கே இறங்க முடிகிறது. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் குறைந்து, குடிக்கக் குடிக்க வெளியேறும். எம்ஆர்ஐயில் தெரியும். குறைந்த ஹார்மோனை மருந்தாகக் கொடுத்தால் தாகம் அடங்கிவிடும். நாளைக்கே கால்சியம் பாருங்கள்.

கேள்வி: பயாப்சி எடுத்தால் நோய் பரவும் என்கிறார்களே?

பதில்: ஊசி போன பாதையில் சில செல்கள் இடம்மாறுவது பதிவாகியிருக்கிறது. அதனால் நோய் உடம்பெங்கும் பரவியதாக நிரூபணம் இல்லை. பயாப்சி எடுக்காமல் இன்ன நோய் என்று ஊகித்து மருந்து கொடுப்பதில்தான் ஆபத்து.

கேள்வி: முதலில் மார்பில் எடுத்தபோது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ‘பாசிட்டிவ்’. இப்போது இடுப்பெலும்பில் எடுத்ததில் ‘நெகட்டிவ்’. எந்த லேப் தப்பு?

பதில்: எந்த லேபும் தப்பாக இல்லாமலிருக்கலாம். நோய் பரவிய இடத்தில் அதன் குணம் மாறுவது உண்மை. ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறினாலும், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி சுமார் 10 முதல் 20 சதவீதம் பேருக்கும், ஹெர்-2 சுமார் 10 சதவீதம் பேருக்கும் மாறுகிறது. புரோஜெஸ்ட்ரோன் ஏற்பி இன்னும் அதிகம். அதனால்தான், திசு எடுக்க முடிகிற இடமாக இருந்தால், பரவிய இடத்திலும் ஒருமுறை எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். இப்போது ஹெர்-2 ‘கொஞ்சம்’ இருந்தாலும் பயன்படும் மருந்து வந்துவிட்டது. டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டிகான் அந்த வகைக்கு 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆகவே பழைய ரிப்போர்ட்டில் ‘நெகட்டிவ்’ என்றிருந்ததையும் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆனால் உங்களுடையது எலும்பு என்பதால் எனக்கு ஒரு சந்தேகம். எலும்பு கெட்டியானது, அப்படியே சீவ முடியாது. சுண்ணாம்புச் சத்து கரையும்வரை அமிலத்தில் ஊறவைப்பார்கள். கடுமையான அமிலத்தில் அதிக நேரம் ஊறினால் நாங்கள் தேடும் புரதமே சிதைந்துவிடும். சாயம் ஏறாது. அமிலத்துக்குப் பதில் ‘ஈடிடிஏ’ என்ற மெதுவான கரைசலில் ஊறவைத்தால் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் நாளாகும். ரிப்போர்ட்டில் ‘டீகேல்சிஃபைட்’ (சுண்ணாம்பு நீக்கியது) என்று போட்டிருந்தால், எந்தக் கரைசலில் என்று உங்கள் டாக்டரை அந்த லேபுக்குப் போன் செய்து கேட்கச் சொல்லுங்கள். அமிலம் என்றால் அந்த ‘நெகட்டிவ்’வை முழுசாக நம்பி ஹார்மோன் மருந்தைக் கைவிடுவதற்கு முன், வேறொரு இடத்தில் திசு கிடைக்குமா என்று பார்க்கலாம்.

கேள்வி: வருடம் ஒருமுறை முழு உடம்புக்கும் பெட் ஸ்கேன் எடுத்துவிட்டால் இந்தப் பயமெல்லாம் வேண்டாமே?

பதில்: பயம் போகாது, கூடும். தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்குக் குறித்த காலத்தில் எலும்பு ஸ்கேன், மார்பு எக்ஸ்ரே என்று எடுத்துக்கொண்டே இருந்தால் ஆயுள் கூடுகிறதா என்று இத்தாலியில் இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. 1994-இல் முடிவு வந்தது: கூடவில்லை. அன்றைய கருவி வேறு, இன்றைய மருந்து வேறு என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் இன்றைய வழிகாட்டுதல்கள் மேமோகிராம், நேரில் பரிசோதனை, தொந்தரவுக்கேற்ற சோதனை என்பதோடு நிற்கின்றன.

தவிர, இந்தக் கடிதங்களில் நாம் பேசிக்கொண்டிருக்கும் லோபுலார் வகை, சர்க்கரையை வைத்துப் பார்க்கும் சாதாரண பெட் ஸ்கேனில் பல நேரம் சரியாக ஒளிராது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியையே தேடிப்போகும் ஒரு பெட் மருந்துக்கு 2020-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நோய் திரும்பியவர்களுக்குச் சில சமயம் அது கைகொடுக்கிறது. வருடாந்திரப் பரிசோதனைக்கு அதுவும் இல்லை.

புதிதாக வந்து, வேறு காரணம் தெரியாமல், இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் தொந்தரவைச் சொல்லிவிடுங்கள். கால் பலமிழந்தால், சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனால் மட்டும் வாரக்கணக்கு வேண்டாம். அது முதுகுத்தண்டு அழுந்துவதாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: நான் கர்ப்பமாக இருக்கிறேன். மார்பகப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். குழந்தைக்குப் போய்விடுமா?

பதில்: நஞ்சுக்கொடிக்குப் பரவியது உலகில் அபூர்வமாகவே பதிவாகியிருக்கிறது. குழந்தைக்குப் போவது அதையும்விட அபூர்வம். பிரசவத்தின்போது நஞ்சுக்கொடியைத் தூக்கிப் போட்டுவிடாமல் நோயியல் பிரிவுக்கு அனுப்பச் சொல்லி இப்போதே கேஸ் ஷீட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். பிரசவ அறை அவசரத்தில் யாருக்கும் நினைவிருக்காது. தைரியமாக இருங்கள், அம்மா. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் கழிந்தபின் கொடுக்கக்கூடிய கீமோ மருந்துகளும் இருக்கின்றன.

கேள்வி: ஆண்களுக்கும் இப்படிப் பரவுமா?

பதில்: மார்பகப் புற்றுநோயாளிகளில் நூற்றுக்கு ஒருவர் ஆண். பரவவும் செய்யும். லோபுலார் வகை மட்டும் ஆண்களிடம் மிக மிகக் குறைவு.

கேள்வி: நீங்கள் பார்த்ததிலேயே வினோதமான இடம் எது?
(ஒரு மருத்துவ மாணவி)

பதில்: கட்டிக்குள் கட்டி. மூளை உறையில் ‘மெனிஞ்சியோமா’ என்று சாதுவான ஒரு கட்டி வரும், பெண்களுக்கு அதிகம். அதை எடுத்து அனுப்பியிருந்தார்கள். சுழல்சுழலாக அடுக்கிய அதன் செல்களுக்கு நடுவே, துளியும் சம்பந்தமில்லாத முகத்தோடு ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. சாயம் போட்டதும் மார்பகம் என்று தெரிந்தது. கோரிக்கைச் சீட்டில் வழக்கம்போல் ஒரு வரிகூட இல்லை. போன் செய்து கேட்டால், “ஆமாம் டாக்டர், பல வருடம் முன்னால் மார்பில் ஏதோ ஆபரேஷன்” என்கிறார்கள். ஏதோ! நீ நாளைக்கு வார்டில் சீட்டு எழுதும்போது அந்த ‘ஏதோ’வை முழுசாக எழுது.

கேள்வி: வயிற்றுச் சவ்வுக்குப் பரவிவிட்டது. அம்மாவுக்கு இன்னும் எவ்வளவு நாள்?

பதில்: அது ஸ்லைடில் எழுதியிருக்காது, எழுதியிருப்பதாக யாராவது சொன்னாலும் நம்ப வேண்டாம். ‘வினோதமான இடம்’ என்பதாலேயே முடிவு நெருங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. எந்த இடம் என்பதோடு, எந்த ஏற்பி இருக்கிறது, முதல் சிகிச்சைக்கும் இப்போதைக்கும் எவ்வளவு இடைவெளி, மருந்துக்கு எப்படி மசிகிறது என்பவையும் சேர்ந்துதான் முடிவுசெய்கின்றன. முழுதாகக் குணமாகும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஹார்மோன் ஏற்பி இருந்து, மருந்து வேலை செய்தால் வருடக்கணக்கில் நடமாடிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். முதல் இரண்டு மூன்று மாத மருந்துக்குப் பிறகு எடுக்கும் ஸ்கேனைப் பார்த்துவிட்டு இதே கேள்வியை அம்மாவின் டாக்டரிடம் கேளுங்கள். அப்போது அவரிடம் சொல்வதற்கு ஏதாவது இருக்கும். வலி, வயிற்று உப்புசம், வாந்தி இவற்றுக்காக வலிதணிப்பு மருத்துவரையும் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் கூப்பிட வேண்டியவர் அவர் என்று நினைக்காதீர்கள்.

கேள்வி: பழைய ஸ்லைடும் திசுவைப் பதித்த மெழுகுக் கட்டியும் வேண்டும் என்று புது டாக்டர் கேட்கிறார். சிகிச்சை பெற்ற மருத்துவமனையில், பல வருடமாகிவிட்டதால் இல்லை என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் எழுத்தில் கேளுங்கள். கவுண்டரில் ‘இல்லை’ என்பது தேடியபின் சொன்னதா, தேடாமல் சொன்னதா என்று அப்போதுதான் தெரியும். அறுவைச் சிகிச்சை நடந்த தேதியையும், பழைய ரிப்போர்ட்டின் மூலையில் இருக்கும் பயாப்சி எண்ணையும் குறிப்பிடுங்கள். அந்த எண் இருந்தால்தான் கிடங்கில் மெழுகுக் கட்டியைத் தேட முடியும், பெயரை வைத்து முடியாது. நிஜமாகவே கிடைக்கவில்லை என்றாலும் கவலைப்பட வேண்டாம். பழைய ரிப்போர்ட்டின் நகலையும், டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும், சாப்பிட்ட மாத்திரைகளின் பெயர்களையும் புதுத் திசுவோடு சேர்த்து அனுப்புங்கள். என்னைப் போன்றவர்களுக்கு அதுவே பாதி வேலையை முடித்துவிடும்.